எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்: பிரான்சுக்கு வரும் காரைக்கால் பிள்ளைகளுக்கு

தம்பி மகளுக்கு அடுத்த மாதம் பாரிசுக்கு விமானம். கல்யாணம் முடிந்து, விசா வந்து, பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. போன வாரம் வாட்ஸ்அப்பில் அழைத்தவள், நெய் கொண்டு வரலாமா என்று கேட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்று: "மாமி, ஏர்போர்ட்டில் முக்காட்டோடு இறங்கலாமா, இல்லை விமானத்திலேயே எடுத்துவிட வேண்டுமா?"

நெய் கூடாது, பால் பொருள். முக்காட்டோடு இறங்கலாம்.

2001-ல் நான் வந்தபோது யாரிடமும் இதைக் கேட்கவில்லை. பிரான்சில் தலையில் துணி போட்டால் போலீஸ் பிடிக்கும் என்று ஊரில் யாரோ சொன்னதை நம்பி, துப்பட்டாவைச் சுருட்டிக் கைப்பையில் திணித்துக்கொண்டு, ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் காது விறைக்க நின்றேன். என் கண் முன்னாலேயே பத்துப் பன்னிரண்டு பெண்கள் முக்காட்டோடு வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பயம் தேவையில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தேவையான பயங்கள் வேறே இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் சட்டம். தெருவில், கடையில், ரயிலில் தலையை மூடலாம். முகத்தை மூடக் கூடாது. 2010 அக்டோபரில் வந்த சட்டம், 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மீறினால் 150 யூரோ வரை அபராதம். நம் ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் முகம் மூடுவதில்லை என்பதால் இது அநேகமாக உங்களைத் தொடாது.

மற்ற இடங்களுக்கு நான் ஒரு சுருக்குவழி வைத்திருக்கிறேன். கவுன்ட்டருக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். "லாயிசிதே" என்ற சொல்லை வந்த முதல் மாதத்திலேயே கேட்பீர்கள். 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேரூன்றிய மதச்சார்பின்மைக் கொள்கை அது. அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் சம்பளம் தராது. ஆனால் அதே சட்டத்தின் முதல் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் வழிபாட்டுச் சுதந்திரத்தையும் உறுதி செய்கிறது. அதாவது மதம் இருக்கக் கூடாதது அரசுக்கு, உங்களுக்கு அல்ல. மேரி என்னும் நகராட்சி அலுவலகம், பிரெஃபெக்சர் என்னும் மாவட்ட அரசு அலுவலகம், அரசு மருத்துவமனை எல்லாவற்றிலும் காரியமாகப் போகிறவர் முக்காட்டோடு போகலாம். கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவர் போடக் கூடாது. நோயாளி போடலாம், நர்ஸ் போடக் கூடாது. 2021 ஆகஸ்ட் சட்டத்துக்குப் பிறகு, பொதுச் சேவையை ஏற்று நடத்தும் தனியார் கம்பெனி ஊழியர்களுக்கும் இதே கதைதான்.

இந்தச் சுருக்குவழிக்கு அடங்காத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அரசுப் பள்ளிப் பிள்ளைகள்: 2004 மார்ச் சட்டப்படி லிசே என்னும் மேல்நிலைப் பள்ளி முடியும்வரை பள்ளிக்குள் முக்காடு கிடையாது. பல்கலைக்கழகத்துக்கு அந்தத் தடை இல்லை. இன்னொன்று, அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் எடுக்கும் படம். வெறுந்தலையாகத்தான் எடுக்க வேண்டும். ஸ்டூடியோவில் பெண் படமெடுப்பவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் தானியங்கிப் பெட்டி இருக்கிறது, திரையை இழுத்துவிட்டுக்கொள்ளலாம்.

நான் கவுன்ட்டருக்கு உள்ளே நிற்பவள். பாரிசுக்கு வடக்கே ஒரு நகராட்சிப் பள்ளியின் கான்தீனில், அதாவது சாப்பாட்டுக் கூடத்தில், 2011 முதல் வேலை. காலை ஏழரைக்குப் பின்வாசல் வழியாக உள்ளே போய், லாக்கரைத் திறந்து, முக்காட்டிலிருந்து நான்கு குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவி ஒரு மிட்டாய் டப்பாவில் போடுவேன். துணியை மடித்து மேல்தட்டில் வைப்பேன். அடுத்து என்ன செய்வேன் தெரியுமா? "ஷார்லோத்" என்ற காகிதத் தொப்பியை எடுத்து, காது வரை இழுத்து, ஒரு முடிகூட வெளியே தெரியாமல் தலையை மூடுவேன். சமையற்கட்டுச் சுகாதார விதி, எல்லோருக்கும் கட்டாயம். ஒரு சட்டம் திறக்கச் சொன்ன தலையை இன்னொரு விதி மூடச் சொல்கிறது. கூட வேலை பார்க்கும் அல்ஜீரியப் பெண் முதல் நாள் இதைக் கண்டு சிரித்த சிரிப்பில் எனக்கும் பாதி வருத்தம் போய்விட்டது. பள்ளிவாசலில் ஒரு மாமி மட்டும், "சம்பளத்துக்காகத் தலையைத் திறக்கிறாய்" என்றார். ஆமாம், சம்பளத்துக்காகத்தான். அவர் என் வீட்டு வாடகையைக் கட்டப் போவதில்லை.

போன்ஜூர்

இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் என் முதல் வருடம் முழுவதையும் இது தின்றது. ரொட்டிக் கடையில் நுழைந்ததும் நம் ஊர்ப் பழக்கத்தில் "ரெண்டு பகெத்" என்று கேட்பேன். கடைக்காரம்மா முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, "போன்ஜூர், மதாம்" என்பார். என் முக்காட்டைப் பார்த்துத்தான் இப்படி என்று வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பையனுக்கும் அதே கல் முகம் கிடைத்தபோதுதான் புரிந்தது. இங்கே வாய் திறந்தால் முதல் சொல் போன்ஜூர். பஸ் டிரைவருக்கு, டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, எல்லோருக்கும். அதைச் சொன்ன பிறகும் முகம் கல்லாகவே இருந்தால், அது வேறு கணக்கு. எது எந்தக் கணக்கு என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். எல்லாவற்றையும் வெறுப்பென்று எடுத்தால் வெளியே போகவே மனம் வராது. எதையுமே அப்படி எடுக்காவிட்டால் தலையில் ஏறி உட்காருவார்கள்.

இன்னொரு வேடிக்கைக்கும் தயாராக இருங்கள். நம்மை எந்த இடத்தில் வைப்பது என்று யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் "இந்தியாவா? அப்படியானால் இந்து, மாட்டுக்கறி சாப்பிடமாட்டீர்கள்" என்பார்கள். பள்ளிவாசலில் மக்ரிபு என்னும் வட ஆப்பிரிக்க நாடுகளின் பெண்கள், "இந்தியாவில் முஸ்லிம்கள் உண்டா?" என்று கேட்டு, நான் ஓதுவதைக் காது கொடுத்துச் சோதிப்பார்கள். பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலில் மளிகை வாங்கப் போனால், யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் தன் பையனிடம், "அந்த மொரோக்கோ மனுசிக்கு வழி விடடா" என்பார். "நான் காரைக்கால், அண்ணே" என்றேன். அன்றிலிருந்து எனக்கு முருங்கைக்காய் நல்லதாகப் பொறுக்கித் தருகிறார்.

காகிதம்

என் கணவர் வீட்டில் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. அதில் முதல் தாள், அவருடைய பாட்டனார் கொடுத்த விருப்பக் கடிதத்தின் நகல். பிரெஞ்சிந்தியப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர். எழுதிக் கொடுக்காதவர் இந்தியர். என் கணவரின் பாட்டனார் எழுதிக் கொடுத்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த என் பாட்டனார் கொடுக்கவில்லை, கடை வேலையில் மறந்துபோனார் என்பார்கள். ஒரே ஜமாஅத், ஒரே கந்தூரி. ஒரு தாள் இரண்டு நாடாக்கிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், இந்த நாட்டில் வாய்ச்சொல்லுக்கு எடை இல்லை. யாராவது "லாயிசிதே, அதனால் முடியாது" என்றால், சண்டை போடாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். சிரித்த முகத்தோடு, "எந்தச் சட்டம் என்று எழுதிக் கொடுக்க முடியுமா, மதாம்?" என்று கேளுங்கள். விதி உண்மையில் இருந்தால் எழுதித் தருவார்கள், நீங்களும் தெரிந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் பேச்சு மாறும்.

எனக்கு மாறியது. 2014-ல், மகளுக்குப் பத்து வயது. வகுப்பை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகப் பெற்றோர் துணை வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். பேர் கொடுத்தேன், லீவும் போட்டேன். முந்தின நாள் மாலை தலைமையாசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, முக்காட்டோடு வர முடியாது, லாயிசிதே என்றார். கூட வரும் தாய் அரசு ஊழியர் அல்ல, அந்த நடுநிலைக் கடமை அவளுக்கு இல்லை, பள்ளியின் ஒழுங்கு போன்ற காரணம் இருந்தால் மட்டும் கட்டுப்படுத்தலாம் என்று அரசின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கோன்சேய் தெத்தா 2013 டிசம்பரில் விளக்கம் கொடுத்திருந்தது. கான்தீன் தொழிற்சங்கத்துப் பெண் ஒருவர் சொல்லி எனக்கு அது தெரியும். எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் எழுதவில்லை. என்னை அழைத்துப் போகவும் இல்லை. நான் லீவு போட்ட நாளில் வீட்டில் துணி மடித்தேன். இப்படியும் நடக்கும், மறைக்க மாட்டேன்.

ஆனால் நான் விடவில்லை. அன்றிரவே கணவரின் உதவியோடு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. மூன்று மாதம் கழித்து அடுத்த பயணத்துக்கு ஆள் குறைந்தபோது அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பரிணாமக் கூடத்துக்குப் போனோம். வெளியே வந்தால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் பாரிஸ் பெரிய பள்ளிவாசலின் மினாரா. ஒரு பொடியன், "அது என்ன கோபுரம்?" என்று கேட்டான். ஆசிரியை என்னைப் பார்த்தார். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட முஸ்லிம் சிப்பாய்களின் நினைவாகக் கட்டி 1926-ல் திறந்தது, மதத்துக்குக் காசு தராத அரசே 5 லட்சம் பிராங்க் கொடுத்தது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். பொடியனுக்கு அதில் அக்கறையில்லை, மேலே ஏற முடியுமா என்றுதான் கேட்டான்.

வேலை தேடும்போது

பெயரில் தொடங்குகிறது சிக்கல். நமக்கு முதலெழுத்தும் பெயரும்தான். இங்கே குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று. "அப்துல் காதர்" என்பதை நடுவில் வெட்டி, அப்துல் குடும்பப் பெயர், காதர் சொந்தப் பெயர் என்று பதிந்துவிடுவார்கள். அப்புறம் வங்கியில் ஒன்று, மருத்துவக் காப்பீட்டில் ஒன்று. முதல் விண்ணப்பத்திலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி நிரப்பி, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

பெயரை மாற்றிப் போட்டால் வேலை கிடைக்குமா என்று பையன்கள் கேட்கிறார்கள். கேட்பதில் காரணம் இருக்கிறது. மோந்தேஞ் என்ற கொள்கை ஆய்வு நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. 6,231 வேலை விளம்பரங்களுக்கு, லெபனான் வம்சாவளிப் பெயர்களில், தகுதி ஒன்றாகவும் மதம் மட்டும் வேறாகவும் விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். மதப்பற்று தெரியும்படி எழுதிய கத்தோலிக்க ஆணுக்கு 17.9 சதவீதம் அழைப்பு வந்தது. அதே மாதிரி எழுதிய முஸ்லிம் ஆணுக்கு 4.7. இரண்டு பேருமே லெபனான்காரர்கள் என்பதால், வெளிநாட்டான் என்று ஒதுக்கினார்கள் என்று சொல்லித் தப்ப முடியாது.

என் யோசனை: பெயரை மாற்றாதீர்கள், நேர்காணலில் எப்படியும் வெளிவரும். படம் ஒட்டவேண்டிய சட்டம் இல்லை, விட்டுவிடுங்கள். நாத்தனார் மகன் கணக்குப் படித்தவன். "பள்ளிவாசல் கமிட்டியில் கணக்கு பார்த்தேன்" என்று எழுதியிருந்தான். "சங்கம் ஒன்றின் ஆண்டுக் கணக்கு தயாரித்தேன், உறுப்பினர் 200 குடும்பம்" என்று மாற்ற வைத்தேன். பொய் இல்லை, கணக்கு கணக்குதான். இது கோழைத்தனம் என்று என் மகள் சொல்கிறாள். இருக்கலாம். அவனுக்கு வேலை கிடைத்தது.

தனியார் கம்பெனி முக்காட்டைத் தடுக்குமா? தடுக்கலாம், ஆனால் இஷ்டத்துக்கு அல்ல. உள்விதிப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும், சிலுவை, கட்சிச் சின்னம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இருக்க வேண்டும், காரணமும் வேண்டும். "வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை" என்பது மட்டும் காரணமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. ஆகவே இங்கேயும் அதே கேள்வி: எங்கே எழுதியிருக்கிறது?

மதத்தால் ஒதுக்கினார்கள் என்று தோன்றினால், விளம்பரம், நீங்கள் அனுப்பியது, வந்த பதில், தேதி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு "தெஃபான்சர் தே துருவா" என்ற உரிமைக் காப்பாளர் அலுவலகத்துக்குப் போங்கள். இலவசம். 3928 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், கடிதம் போட்டால் தபால்தலைகூட ஒட்ட வேண்டாம். பொறுமை வேண்டும், உடனே நடக்காது.

தெருவில்

யாராவது பஸ்ஸில் கத்தினால், பதிலுக்குக் கத்தாதீர்கள், டிரைவர் பக்கம் போய் நில்லுங்கள். ஒருமுறை ஒருவர் என்னை "தூ" போட்டு, ஊருக்குப் போ என்றார். "தூ" என்றால் நீ, "வூ" என்றால் நீங்கள். நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டாம், முன்பின் தெரியாத ஆள் "நீ" என்றால் எப்படிச் சுடும் என்று தெரியும். நான் "வூ" விலேயே பதில் சொன்னேன்: "ஊருக்குத்தான் போகிறேன், அடுத்த நிறுத்தம்." இரண்டு பேர் சிரித்தார்கள். கால் நடுங்கியது யாருக்கும் தெரியாது.

புகார் கொடுக்கப் போனால் ஒரு கண்ணி இருக்கிறது. காவல் நிலையத்தில் "மேன் கூராந்த்" எழுதிவிடலாமா என்பார்கள். அது வெறும் பதிவேட்டுக் குறிப்பு, பெரும்பாலும் அதோடு போய்விடும். நீங்கள் கேட்க வேண்டியது "ப்ளேந்த்", அதாவது முறையான புகார். அதை வாங்க மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை. நகலைக் கேட்டு வாங்குங்கள். மதத்தைச் சொல்லி ஒருவரைப் பொது இடத்தில் இழிவுபடுத்துவது குற்றம், ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

பையன்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். போலீஸ் அடையாள அட்டை கேட்பது இங்கே சாதாரணம், ஆனால் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்பதில்லை. அரபு, கறுப்பு இளைஞர்களாகத் தெரிபவர்களுக்கு அந்த வாய்ப்பு 20 மடங்கு என்று உரிமைக் காப்பாளர் அலுவலகமே 2017-ல் சொன்னது. நம் பையன்கள் நிறத்தில் அதற்குள் அடங்கிவிடுவார்கள். அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும், கை வெளியே இருக்கட்டும், போலீஸ்காரர் சட்டையில் உள்ள ஏழு இலக்க எண்ணைப் பார்த்து மனதில் வையுங்கள்.

பிள்ளைகள்

கான்தீனில் பன்றி வரும் நாள் உண்டு. மாற்று உணவு தர நகராட்சிக்குக் கட்டாயமும் இல்லை, தடையும் இல்லை என்று 2020-ல் கோன்சேய் தெத்தா தீர்ப்பு வந்தது. வாரம் ஒரு நாள் சைவச் சாப்பாடு கட்டாயம். சேரும்போதே உங்கள் நகராட்சியில் எப்படி என்று கேளுங்கள். உள்ளே வேலை பார்ப்பவளாகச் சொல்கிறேன், முட்டை, மீன் நாள்களில் உங்கள் பிள்ளை வயிறு நிறையச் சாப்பிடும், கவலைப்படாதீர்கள். பெருநாளுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு லீவு எடுக்கலாம். 2023 முதல் அபாயா என்னும் நீள அங்கியும் அரசுப் பள்ளிக்குள் கிடையாது. என் மகள் முக்காடு போடுவதில்லை. அது அவள் பாடு.

கடினமானது வேறு. 2015 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் வீட்டிலிருந்து மூன்று ரயில் நிறுத்தம் தள்ளியிருக்கும் ஸ்தாத் தெ பிரான்ஸ் விளையாட்டரங்கின் வாசலில் குண்டு வெடித்தது. மறுநாள் காலை மாடியில் இருக்கும் போர்த்துக்கீசிய அம்மா கதவைத் தட்டினார். கையில் சூப் பாத்திரம். நலமா என்று கேட்டுக் கட்டிப்பிடித்தார். திரும்பும்போது, "உங்களுக்கு அந்த ஆள்களைத் தெரியுமா?" என்றார். சூப்பும் உண்மை, கேள்வியும் உண்மை. பாத்திரத்தைக் கழுவி, இடியாப்பம் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். இன்றுவரை பேசிக்கொள்கிறோம்.

2020 அக்டோபரில் நபியவர்களின் கேலிச்சித்திரத்தை வகுப்பில் காட்டியதற்காகச் சாமுவேல் பத்தி என்ற ஆசிரியரைக் கழுத்தறுத்துக் கொன்றபோது என் மகனுக்கு 13 வயது. "அந்தப் படத்தைக் காட்டியது தப்புதானே, உம்மா?" என்று கேட்டான். காட்டியது பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், எழுதிக் கொடுக்கலாம். கொலை என்று வந்தபின் "ஆனால்" என்ற சொல் நம் வாயில் வரக் கூடாது என்றேன். அந்தக் கதையின் தொடக்கத்தையும் சொன்னேன். படம் காட்டிய அன்று வகுப்பிலேயே இல்லாத ஒரு சிறுமி வீட்டில் சொன்ன பொய், அதைக் கேட்ட தந்தை விசாரிக்காமல் போட்ட வீடியோ. அதனால் பெற்றோருக்கு என் வேண்டுகோள்: பிள்ளை அழுதுகொண்டு வந்தால் போனை எடுக்காதீர்கள், பேனாவை எடுங்கள். பள்ளிக்குக் கடிதம் எழுதி நேரம் கேளுங்கள்.

கடைசியாகக் கோப்பு. தம்பி மகளிடம் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பிறப்புச் சான்று, நிக்காஹ் பதிவு, மொழிபெயர்ப்புகள், இனி வரும் ஒவ்வொரு கடிதமும் அதில். எங்கள் கோப்பில் முதல் தாள் 1962. கடைசித் தாள், நகராட்சி இடுகாட்டின் முஸ்லிம் பகுதியில் மாமனாரை கிப்லாவைப் பார்த்து அடக்கிய ஆறடிக்கான ரசீது. 2011-ல் முப்பது ஆண்டுக்கு எடுத்தது, 2041-ல் புதுப்பிக்க வேண்டும். தேதியை மேலே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். நானும் மறந்துபோனால் அவள் ஞாபகப்படுத்த வேண்டும்.